காலி தோட்டாவுக்கு அடியில் ஒரு ஓட்டையா, ரெண்டா? யார் இந்த ஹைரம் பெர்டன்?

அமெரிக்காவில் துப்பாக்கி சுடுவதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்களில் பலர், சுட்டு முடித்ததும் தரையில் கிடக்கும் பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். சுத்தம் செய்து, புது மருந்து நிரப்பி, மறுபடி சுடுவார்கள். இதற்குப் பெயர் ரீலோடிங். தோட்டாவில் குண்டும் மருந்தும் ஒரே தடவையில் காலி. பித்தளைக் கூடு மட்டும் பல தடவை உழைக்கும்.

அந்தக் கூட்டைச் சுத்தம் செய்யவே ஒரு மெஷின் இருக்கிறது. பெயர் டம்ப்ளர். காபி டம்ளரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இது உருட்டிப் புரட்டும் மெஷின். எந்த மாடல் வாங்கலாம் என்று யோசிப்பவர், விலையைப் பார்ப்பதற்கு முன் காலி கூட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பது நல்லது. அடியில் நடுவில் ஒரே ஓட்டை இருந்தால் வேலை சுலபம். சின்னதாக ரெண்டு ஓட்டை இருந்தால் கொஞ்சம் சிக்கல். அந்தச் சிக்கலின் பெயர் ஹைரம் பெர்டன்.

யார் இவர்?

1824 செப்டம்பர் 6-ம் தேதி நியூயார்க் மாகாணத்தின் ஃபெல்ப்ஸ் என்ற ஊரில் பிறந்தவர் பெர்டன். படிப்பு, தொழில் ரெண்டுமே மெக்கானிக்கல் இன்ஜினீயரிங். தங்கத் தாது இருக்கும் பாறையை நொறுக்கும் இயந்திரம், ரொட்டி சுடும் இயந்திரம் என்று கையில் கிடைத்த எல்லாவற்றிலும் ஒரு கண்டுபிடிப்பு. கூடவே, அமெரிக்காவின் முன்னணி ரைஃபிள் வீரர் என்ற பெயரும் இருந்தது.

1861-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியதும், குறிபார்த்துச் சுடுபவர்களை மட்டும் வைத்து ஒரு தனிப்படை அமைக்கும் யோசனையோடு வந்தார். சேர வேண்டுமென்றால் டெஸ்ட் உண்டு. 200 கெஜ தூரத்தில் 10 குண்டு சுட வேண்டும். அவை சராசரியாக இலக்கின் மையத்திலிருந்து 5 அங்குலத்துக்குள் விழ வேண்டும். தேர்வானவர்களுக்குப் பச்சை நிறச் சீருடை. மரம், புதரோடு கலந்து நிற்க அதுதான் வசதி. 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க் போரிலும் இந்தப் படை சண்டையிட்டது.

ஆனால் தளபதி என்ற முறையில் பெர்டனுக்குக் கிடைத்த மார்க் கலவையானது. விளம்பரப் பிரியர், களத்தில் முன்னால் நிற்க மாட்டார் என்று கூட இருந்தவர்களே குறை சொன்னார்கள். 1864 ஜனவரியில் ராணுவத்திலிருந்து விலகி, மறுபடி இயந்திரங்கள் பக்கம் திரும்பினார்.

அந்த ரெண்டு ஓட்டை எதற்கு?

போர்க்காலத்தில் பெர்டனின் வீரர்கள் வைத்திருந்த ஷார்ப்ஸ் ரைஃபிளுக்குப் போட்டது காகிதம் அல்லது துணி சுற்றிய தோட்டா. நனைந்தால் வீண். உலோகக் கூட்டுக்கு உலகமே மாறிக்கொண்டிருந்த நேரம் அது. அந்தக் கூட்டின் பின்பக்கம் ப்ரைமர் என்ற சின்ன மூடி இருக்கும். துப்பாக்கியின் ஊசி அதில் குத்தும்போது, உள்ளே இருக்கும் ரசாயனம் ஒரு கடினமான முனையில் நசுங்கித் தீப்பொறி வரும். அந்தப் பொறி ஓட்டை வழியாக உள்ளே போய் மருந்தைப் பற்றவைக்கும்.

பெர்டன் தன் ப்ரைமர் முறைக்கு 1866 மார்ச் 20-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அடுத்த சில ஆண்டுகளில் மெருகேறிய வடிவத்தில், அந்தக் கடினமான முனை பித்தளைக் கூட்டின் பாகமாகவே ஆனது. முனை நடுவில் உட்கார்ந்துகொண்டதால், தீப்பொறிக்கு அதன் பக்கத்தில் வழக்கமாக ரெண்டு சின்ன ஓட்டைகள். ப்ரைமருக்குள் தனியாக முனை தேவையில்லை. செய்வது எளிது, செலவும் குறைவு.

அதே 1866-ல், இங்கிலாந்தின் வூல்விச் ராணுவ ஆய்வகத்தில் எட்வர்ட் பாக்ஸர் என்ற அதிகாரி இன்னொரு வழி கண்டுபிடித்தார். அவர் முனையை ப்ரைமருக்குள்ளேயே வைத்தார். கூட்டின் நடுவில் ஒரே ஒரு ஓட்டை.

வித்தியாசம் தெரிவது சுட்ட பிறகுதான். பாக்ஸர் கூட்டில் மேலிருந்து ஒரு ஊசியை விட்டு அழுத்தினால், நடு ஓட்டை வழியாகப் போய்ப் பழைய ப்ரைமரைத் தள்ளிவிடும். பெர்டன் கூட்டில் அதே ஊசி நடுவில் இருக்கும் முனையில் மோதி வளையும், இல்லை உடையும். பெர்டன் முறை முதல் தடவை சுடுவதற்குக் கச்சிதமாகப் பொருந்தியது. ரெண்டாவது தடவைக்கு இடம் கொடுக்கவில்லை.

டம்ப்ளர் வாங்குபவருக்கு இது ஏன் முக்கியம்?

டம்ப்ளரில் முக்கியமாக ரெண்டு வகை.

முதலாவது, உலர் வகை. அதிர்ந்துகொண்டே இருக்கும் ஒரு கிண்ணம். அதில் பொடித்த மக்காச்சோளத் தக்கை அல்லது வால்நட் ஓட்டுத் தூளோடு கூடுகளைப் போட்டு சில மணி நேரம் ஓட்டுவார்கள். வெளிப்பக்கம் பளபளக்கும். ப்ரைமர் இருந்த குழி அவ்வளவாகச் சுத்தமாகாது.

ரெண்டாவது, ஈர வகை. சுழலும் டிரம்மில் தண்ணீர், கொஞ்சம் பாத்திர சோப்பு, துளி சிட்ரிக் அமிலம், மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஊசிகள். நம்ம வீட்டில் குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் தேய்க்கிற அதே கணக்குதான், அமிலம் பித்தளையின் கறையைக் கரைக்கும். அளவு மீறினால் துத்தநாகம் கரைந்து, கூடு இளஞ்சிவப்பாகிவிடும்.

ஈர வகை உள்பக்கத்தையும் ப்ரைமர் குழியையும் புதுசு போல ஆக்கும். ஆனால் அதன் முழுப் பலன் கிடைக்க, பழைய ப்ரைமரை முதலில் கழற்ற வேண்டும். பாக்ஸர் கூட்டுக்கு இது ஒரு நொடி வேலை. பெர்டன் கூட்டுக்குத் தனிக் கருவி வேண்டும், பொறுமையும் வேண்டும். கழற்றாமல் கழுவினால் அந்தக் குழிக்குள் ஈரம் தங்கும். அதனால் ஒற்றை ஓட்டைக் கூடுகளுக்கு ஈர வகை, ரெண்டு ஓட்டைக் கூடுகளை எப்படியாவது காப்பாற்றியே ஆக வேண்டும் என்றால் உலர் வகை என்பது நியாயமான தேர்வு.

இதில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்ன?

பெரும்பாலான ப்ரைமர்களில் ஈயம் கலந்த ரசாயனம் இருக்கிறது. உலர் டம்ப்ளரைத் திறந்து தூளைச் சலிக்கும்போது பறக்கும் தூசியிலும் அந்த ஈயம் இருக்கும். சுவாசத்தில் போனால் ரத்தத்தில் சேரும், குழந்தைகளுக்கு ரொம்பவே ஆபத்து. சமையலறையில், மூடிய அறையில் இந்த வேலை கூடவே கூடாது. ஈர வகையில் தூசி பறக்காது. ஆனால் கழுவிய அழுக்குத் தண்ணீரில் ஈயம் இருக்கும் என்பதால் கையுறை அவசியம்.

இன்னொன்று, அம்மோனியா கலந்த பாலிஷ். பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக் கூடுகள் தானாகவே விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அம்மோனியாவே காரணம் என்பது 1921-ல்தான் விளக்கப்பட்டது. விரிசல் விட்ட கூடு, சுடுபவரின் முகத்துக்குப் பக்கத்திலேயே பிளக்கலாம்.

இந்தியாவில் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம்.

கடைசியில் என்ன ஆனார்?

பெர்டனின் ரைஃபிளை ரஷ்யா வாங்கியது. முதல் மாடலை அமெரிக்காவின் கோல்ட் நிறுவனம் செய்து கொடுத்தது. 1870 மாடல், 1891-ல் மோசின் ரைஃபிள் வரும்வரை ரஷ்யச் சிப்பாய்களின் கையில் இருந்தது. தன் காப்புரிமைக்காக அமெரிக்க அரசோடு கோர்ட்டுக்கும் போனார். 1893 மார்ச் 31-ல் இறந்து, ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அடக்கமானார்.

அமெரிக்கரான பெர்டனின் முறை ஐரோப்பிய ராணுவங்களில் பரவியது. ராணுவம் காலி கூட்டைப் பொறுக்குவதில்லை, அதற்கு விலை குறைவாக இருந்தால் போதும். ஆங்கிலேயரான பாக்ஸரின் முறையோ, ரீலோடிங் பிரியர்கள் நிறைந்த அமெரிக்காவில் நிலைத்துவிட்டது. இன்று அமெரிக்காவில் ஒருவர் கூடுகளை டம்ப்ளரில் கொட்டும் முன் தரம் பிரிக்கும்போது, பெர்டன் கூடுகள் பெரும்பாலும் பழைய பித்தளைக் குவியலுக்குத்தான் போகின்றன.