பயிற்சி இல்லாத மருத்துவருக்கு செயற்கை மூட்டு கிடையாது: நிபந்தனை போட்ட ஜான் சார்ன்லி யார்?

ஹைதராபாத் மௌலா அலியில் ரயில்வேயின் மண்டலப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. ஸ்டேஷன் மாஸ்டராகத் தேர்வானவர்கூட பயிற்சியை முடிக்காமல் ரயிலுக்கு சிக்னல் கொடுத்துவிட முடியாது. அறுவை சிகிச்சை செய்பவருக்கும் இப்படி ஒரு விதி வேணும்தானே? இடுப்பு மூட்டு மாற்று சிகிச்சையில் அதைக் கேட்டவர் ஜான் சார்ன்லி.

யார் இவர்?

1911-ல் இங்கிலாந்தின் பரி நகரில் பிறந்தார். அப்பா மருந்துக்கடைக்காரர், அம்மா செவிலியர். மான்செஸ்டரில் மருத்துவம் படித்து, இரண்டாம் உலகப் போரில் ராணுவ மருத்துவராகப் பணியாற்றினார். பிறகு ரைட்டிங்டன் மருத்துவமனையில் இடுப்பு மூட்டுக்கென்றே ஒரு மையம் தொடங்கினார்.

தேய்ந்த எலும்புப் பந்துக்குப் பதில் உலோகப் பந்து, குழிக்குள் பிளாஸ்டிக் கிண்ணம், இரண்டையும் எலும்போடு பிடித்து வைக்க அக்ரிலிக் சிமென்ட். இதுதான் அவர் வகுத்த முறை.

எங்கே சறுக்கியது?

1958 முதல் டெஃப்லான் கிண்ணங்களைப் பொருத்தினார். நோயாளிகள் வலியில்லாமல் நடந்தாங்க. சில ஆண்டுகளிலேயே கிண்ணம் தேய்ந்தது. உதிர்ந்த துகள்கள் சுற்றியிருந்த திசுக்களைக் கெடுத்தன. பாதிப்பு சுமார் 300 பேருக்கு. அவர்களுக்கு மறுபடியும் அறுவை சிகிச்சை செய்ய வேண்டிவந்தது. துகள்களை உடல் எப்படி ஏற்கிறது என்று பார்க்க, சார்ன்லி தன் தொடையிலேயே அவற்றைச் செலுத்திக்கொண்டார்.

1962-ல் பாலிஎத்திலீன் கிண்ணத்துக்கு மாறினார். அது நிலைத்தது. ஆனால் உடனே எல்லோருக்கும் விற்க அவர் விடவில்லை. ரைட்டிங்டனுக்கு வந்து முறையைக் கற்றவர்களுக்கு மட்டுமே தரணும் என்று தயாரிப்பாளரான தாக்ரே நிறுவனத்திடம் நிபந்தனை வைத்தார்.

இன்று என்ன மாறியிருக்கிறது?

அன்று கற்றுக்கொள்ள இங்கிலாந்துக்குப் போகணும். இன்று விஆர் கண்ணாடி மாட்டினால் கண்முன் ஆபரேஷன் தியேட்டர் வந்துவிடும். எலும்பைக் குடைவது, கிண்ணத்தைச் சரியான கோணத்தில் வைப்பது எல்லாவற்றையும் பழகலாம். கோணம் தப்பினால் கணினி காட்டிக்கொடுக்கும், முதலிலிருந்து செய்யலாம். நிஜத்தில் அதே தப்பு நடந்தால் மூட்டு நழுவலாம், சீக்கிரம் தேயலாம்.

டெஃப்லான் தேய்வதை இந்தக் கருவி முன்கூட்டியே காட்டியிருக்காது. அது பொருளின் குறை. கையின் குறையைத்தான் இது குறைக்கும். அதுவும் மூத்த மருத்துவர் பக்கத்தில் நின்று சொல்லித்தருவதற்கு மாற்று ஆகாது.

1977-ல் சர் பட்டம் பெற்ற சார்ன்லி, 1982-ல் காலமானார். மூட்டு மாற்றப் போகிறவர்கள் அவர் நிபந்தனையைக் கேள்வியாகவே கேட்கலாம்: டாக்டர், இதை எங்கே பழகினீங்க, இதுவரை எத்தனை பேருக்குச் செஞ்சிருக்கீங்க?