மனம் தளராத டாக்டர் அம்மையார்
புதுக்கோட்டை தந்த முத்துலட்சுமி ரெட்டி

அரிமளமும் திருமயமும் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்த காலம். பெண் குழந்தை நாலெழுத்துப் படித்தால் போதும் என்று பெரியவர்கள் நினைத்தார்கள். அந்தச் சமஸ்தானத்தின் தலைநகரில் 1886 ஜூலை 30ந் தேதி முத்துலட்சுமி பிறந்தார். தந்தை நாராயணசாமி அய்யர், மகாராஜா கல்லூரி முதல்வர். தாயார் சந்திரம்மாள்.

கல்லூரியில் ஒரே பெண்

மகாராஜா கல்லூரியில் சேர முத்துலட்சுமி மனுப் போட்டார். ஊரில் ஒரே எதிர்ப்பு. பையன்களின் படிப்பு கெட்டுவிடும் என்றார்கள். மகாராஜா மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் எதிர்ப்பைப் பொருட்படுத்தவில்லை, இடம் கொடுத்தார். வகுப்பில் திரைக்குப் பின்னால் அமர்ந்து முத்துலட்சுமி பாடம் கேட்டார்.

1907ல் சென்னை வைத்தியக் கல்லூரியில் சேர்ந்தார். 1912ல் பரிசுகள் பல பெற்று டாக்டரானார். 1914ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சரிசமமாக நடத்த வேண்டும், தம் பணிக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று முன்னதாகவே கேட்டுக்கொண்டார். அவரும் சம்மதித்தார்.

தங்கையின் மரணம்

ஊராருக்கு வைத்தியம் பார்த்த அவருக்கு வீட்டிலேயே சோதனை வந்தது. அருமைத் தங்கை சுந்தராம்பாளைப் புற்று நோய் பற்றியது. பட்ட வேதனையைப் பக்கத்திலிருந்து பார்த்தார். படித்த படிப்பெல்லாம் கைகொடுக்கவில்லை. 1923ல் தங்கை இறந்தார்.

நோயாளியை இழக்கும்போது டாக்டரின் மனமும் ஒடியும். அவரும் மனிதர்தானே! பலர் அந்த இடத்தில் சோர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். அம்மையாரோ அந்தத் துக்கத்தையே ஒரு வேலையாக மாற்றிக்கொண்டார். புற்று நோய்க்குத் தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்று மனதில் உறுதி செய்தார்.

முப்பது ஆண்டு

உறுதி செய்ததும் ஆஸ்பத்திரி எழும்பிவிடவில்லை. 1925ல் மேற்படிப்புக்காக லண்டன் சென்றார். திரும்பியதும் சட்டசபைப் பதவி வந்தது. வைத்தியத் தொழில் கெடுமே என்று தயங்கித்தான் ஏற்றார். 1927ல் சட்டசபையின் துணைத் தலைவரானார். தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்டார். 1930ல் காந்தியடிகள் கைதானதும் பதவியை ராஜினாமா செய்தார். ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லம் அமைத்தார்.

இவ்வளவுக்கும் இடையில் பழைய உறுதியை மறக்கவில்லை. 1935ல் வைத்தியக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவிலும் ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்தார். புற்று நோய் வந்தால் பிழைப்பது ஏது, அதற்கு ஆஸ்பத்திரி எதற்கு என்று எண்ணிய காலம் அது. கேட்ட இடமெல்லாம் கைவிரித்தார்கள். அம்மையார் மறுபடியும் போய்க் கேட்டார். மாதர் சங்கத்தாரைச் சேர்த்துக்கொண்டு நிதி திரட்டினார்.

1952ல் அடையாற்றில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954ல் ஆஸ்பத்திரி திறந்தது. இருந்தவை 12 படுக்கைகள்! தங்கை இறந்து 31 ஆண்டுகள் ஆகியிருந்தன.

பாரம் பங்கிட்டால்

அம்மையார் பாரத்தைத் தனியாகச் சுமக்கவில்லை. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி ஆஸ்பத்திரியை நடத்தினார். 1955ல் டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார். 2021ல் மறையும் வரை அங்கேயே தொண்டு செய்தார்.

அம்மையார் 1968 ஜூலை 22ந் தேதி காலமானார். இரவு பகல் கண் விழிக்கும் டாக்டருக்கும் நர்சுக்கும் அவர் வாழ்க்கை தைரியம் சொல்லும். நமக்கும் ஒரு கடமை உண்டு. ஆஸ்பத்திரியில் அவர்கள் களைத்திருப்பதைக் கண்டால் கோபப்படாமல் ஓர் அன்பான வார்த்தை சொல்வோம்.