குழந்தைகளுக்கு மலை கட்டிய சிற்பி

1904-ம் ஆண்டு நவம்பர் 17-ந் தேதி, அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இசாமு நொகுச்சி பிறந்தபோது தந்தை அருகில் இல்லை. தந்தையார் யோனே நொகுச்சி ஆங்கிலத்தில் கவிபாடிப் பெயர் பெற்ற ஜப்பானியர். குழந்தை பிறக்கு முன்பே தாய்நாடு திரும்பிவிட்டார். தாயார் லியோனி கில்மோர் கல்லூரிப் படிப்புள்ள அமெரிக்க மாது. அக்கவிஞரின் ஆங்கில எழுத்தைத் திருத்திச் செப்பனிட்டுக் கொடுத்தவரும் அவரே. 1907-ல் கைக்குழந்தையோடு கப்பலேறி அம்மாது ஜப்பான் போய்ச் சேர்ந்தார். கவிஞர் அங்கே வேறொரு குடும்பம் அமைத்துக் கொண்டார் என்பது விரைவில் வெளியாயிற்று. ஆயினும் லியோனி அம்மையார் மனமுடைந்து உட்கார்ந்துவிடவில்லை. ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துச் சம்பாதித்து, மகனைத் தாமே வளர்க்கலானார்.

தமிழ் முஸ்லிம் தந்தைக்கும் மலாய்த் தாய்க்கும் பிறந்த பிள்ளைகளைப் பினாங்கில் ஜாவி பெரானாக்கான் என்று அழைத்துப் பழகிய நமக்கு, இருவேறு இனத்துப் பெற்றோரின் பிள்ளை என்பது வியப்பான செய்தியன்று. அன்றைய ஜப்பானிலோ அது பெரும் வியப்பு. சிறுவன் இசாமுவின் முகத்தைப் பார்த்ததும் அந்நியன் என்று ஒதுக்கினார்கள். பேச்சு ஜப்பானியப் பேச்சு, உணவு ஜப்பானிய உணவு. ஆனாலும் அவன் அவர்களில் ஒருவனல்லன்.

சிகாசாகி என்னும் கடற்கரை ஊரில் தாயார் சிறு வீடொன்று கட்டினார். அப்போது இசாமுவுக்கு எட்டு ஒன்பது வயதுதான். வீட்டு வேலையை மேற்பார்க்கும் பொறுப்பை அம்மையார் மகனிடம் ஒப்படைத்தார்! உள்ளூர்த் தச்சரிடமும் தொழில் பழகும்படி விட்டார். உளி பிடிக்கவும், மரத்தின் ஓட்டம் அறிந்து இழைக்கவும், ஆணியின்றி மரத்தை மரத்தோடு பொருத்தவும் அங்கேதான் கற்றான். பின்னாளில் எத்தனையோ பெரிய ஆசிரியர்களிடம் அவர் பயின்றார். எனினும் முதல் ஆசிரியர் அந்தத் தச்சரே என்பது நம் எண்ணம்.

1918-ல், பதின்மூன்று வயதில், தன்னந்தனியாக அவனை அமெரிக்காவுக்குக் கப்பலேற்றினார் தாயார். இந்தியானா மாநிலத்தில் ஒரு புதுமுறைப் பள்ளி. அவன் போய்ச் சேர்ந்த சிறிது காலத்தில் பள்ளி மூடப்பட்டு, அவ்விடம் இராணுவ முகாமாயிற்று. பள்ளியை நிறுவிய எட்வர்ட் ரம்லி இரக்கப்பட்டு, லா போர்ட் என்ற ஊரில் ஒரு குடும்பத்தாருடன் தங்கவைத்துப் படிக்க வைத்தார். அங்கே அவன் பெயர் சாம் கில்மோர்.

வைத்தியம் படிக்கக் கொலம்பியா பல்கலைக் கழகம் புகுந்த வாலிபர், தாயாரின் தூண்டுதலால் 1924-ல் நியூயார்க்கில் ஒரு சிற்பப் பள்ளியில் சேர்ந்தார். வைத்தியம் அத்தோடு நின்றது. கில்மோர் என்ற பெயரும் நின்றது. தம்மை ஏற்காத தந்தையின் பெயரையே சிற்பத்தில் பொறித்தார். 1927-ல் குகன்ஹைம் உபகாரச் சம்பளம் பெற்றுப் பாரிஸ் சென்று, பேர்பெற்ற சிற்பி பிரான்குஷியின் பட்டறையில் கல் செதுக்கினார். 1930-ல் பீகிங் சென்று, முதிய ஓவியர் சி பைஷியிடம் தூரிகை பிடித்தார். அங்கிருந்து ஜப்பான் போக நினைத்தபோது, நொகுச்சி என்ற பெயரோடு இங்கே வரவேண்டாம் என்று தந்தையிடமிருந்து கடிதம் வந்தது. அவரோ போகாமல் இருக்கவில்லை. கியோட்டோவில் ஒரு குயவரிடம் களிமண் வேலை கற்றார். பழந்தோட்டங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பீடத்தில் நிற்கும் சிலை மட்டுமா சிற்பம்? மனிதன் நடக்கும் தரையும் சிற்பமாகலாமே என்ற எண்ணம் அத்தோட்டங்களால் அவருக்கு உறுதிப்பட்டது.

அந்த எண்ணத்தின் முதற்பலன்தான் 1933-ல் அவர் வரைந்த விளையாட்டு மலை. நியூயார்க் நகரில் ஒரு முழுத் தெருச் சதுக்கத்தையே படிகளும் சரிவுகளும் கொண்ட மலையாக்குவது. ஒருபுறம் நீர் வழிந்து குளத்தில் விழும். பனிக்காலத்தில் சரிவில் குழந்தைகள் சறுக்கலாம். இரும்பு ஊஞ்சல், வேலி, இப்படி விளையாடு என்ற கட்டளை எதுவும் கிடையாது. மாதிரியை எடுத்துக்கொண்டு நகரப் பூங்கா அதிகாரி ராபர்ட் மோசஸிடம் போனார். அதிகாரி சிரித்து அனுப்பிவிட்டார்.

பிறகு யுத்தம் வந்தது. 1941 டிசம்பரில் ஜப்பான் பெர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. நம் நாட்டில் ஜப்பானியர் புகுந்து மக்கள் அல்லலுற்ற அதே 1942-ல், அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழ்ந்த சுமார் 1,20,000 ஜப்பானிய வமிசத்தவர் முள்வேலி முகாம்களில் அடைக்கப்பட்டனர். இவர்களில் பெரும்பாலோர் அமெரிக்காவிலேயே பிறந்த பிரஜைகள் என்பதை மறக்கலாகாது. நொகுச்சி நியூயார்க்வாசி, கட்டளை அவரைத் தொடவில்லை. இருந்தும் அவ்வாண்டு மே மாதம், அரிஸோனா பாலைவனத்திலுள்ள போஸ்டன் முகாமுக்குத் தாமாகவே சென்றார். அடைபட்ட மக்களுக்குப் பூங்கா, பந்தாட்டத் திடல், நீச்சல் குளம், இடுகாடு யாவற்றுக்கும் திட்டம் வரைந்தார். வெயிலும் புழுதியும் மிகுந்த அந்த இடத்திலும் மனிதர் மனிதராக வாழ வேண்டும் என்பது அவர் நோக்கம். அதிகாரிகள் ஒன்றையும் நிறைவேற்றவில்லை. முகாம் மக்களோ, இவர் சர்க்கார் ஆள் என்று ஐயுற்றனர். வெளியேற விண்ணப்பித்தார், தாமாக வந்தவர் தாமாகப் போக முடியவில்லை. நவம்பரில்தான் தற்காலிக அனுமதி கிடைத்தது. அதன் பிறகும் போலீஸ் விசாரணை அவரைத் தொடர்ந்தது.

யுத்தம் ஓய்ந்தபின், 1950-ல் மீண்டும் ஜப்பான் சென்றார். தந்தையார் 1947-ல் காலமாகியிருந்தார். அவர் ஆசிரியராயிருந்த கேயோ பல்கலைக் கழகத்திலே அவர் நினைவாக ஒரு மண்டபத்தின் உட்புறத்தையும் தோட்டத்தையும் அமைத்துக் கொடுத்தார் மகன். வரவேண்டாம் என்று எழுதிய தந்தைக்கு அம்மகன் செய்த மரியாதை அது.

ஹிரோஷிமா நகரில் கட்டடக் கலைஞர் கென்ஸோ தாங்கே சமாதானப் பூங்கா அமைத்துக் கொண்டிருந்தார். அவர் அழைப்பின்பேரில் அங்குள்ள இரு பாலங்களுக்கு நொகுச்சி கைப்பிடிச் சுவர்கள் வடித்தார். ஒன்று வாழ்வைக் குறிக்கும். மற்றது உலகைவிட்டுப் பிரிந்து செல்வதைக் குறிக்கும். அவை 1952-ல் முடிந்தன. அணுகுண்டில் மாண்டோருக்கு நினைவுச் சின்னம் ஒன்றும் வரைந்து கொடுத்தார். கனத்த வளைவு மேலே, மாண்டோர் பெயர்களுக்கு நிலத்தடியில் ஓர் அறை. குழுவினர் அதை நிராகரித்துவிட்டனர். குண்டு போட்ட நாட்டின் பிரஜை என்பதே பெருங்காரணம் என்பர். மாண்டோரின் உற்றாருடைய மனப்புண்ணை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் ஜப்பானிய இரத்தம் என்பதற்காகப் பத்தாண்டுக்கு முன் முள்வேலிக்குள் இருந்த அதே மனிதர்தாம் இவர்!

இதே காலத்தில் கிபு நகரத் தலைவர், நலிந்துபோன காகித விளக்குத் தொழிலுக்கு வழிகாட்டும்படி அவரைக் கேட்டுக் கொண்டார். நம் ஊரில் சீனர் விழாவுக்குப் பிள்ளைகள் ஏந்திவரும் தங்லோங் விளக்கை நேயர்கள் நினைத்துக் கொள்ளலாம். மூங்கில் விலா, முசுக்கட்டை மரப்பட்டைக் காகிதம். அந்தப் பழைய கைவேலையை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே மின்சார பல்பு எரிய, நூற்றுக்கு மேற்பட்ட புது வடிவங்கள் தந்தார். வெளிச்சம் என்ற பொருளில் அகாரி என்று பெயரிட்டார். மடக்கி அனுப்பக்கூடிய அவ்விளக்கு உலகெங்கும் சென்றது. இன்றும் கிபுவில் கையாலேயே செய்கிறார்கள்.

புகழ் வளர்ந்தது. பாரிஸில் யுனெஸ்கோ தலைமையகத் தோட்டம் 1958-ல் முடிந்தது. என்றாலும் குழந்தைகளின் திடல் மட்டும் நியூயார்க்கில் கைகூடவில்லை. 1961 முதல் கட்டடக் கலைஞர் லூயி கானுடன் சேர்ந்து, ஆற்றோரப் பூங்காவில் ஒரு திடலுக்காகத் திரும்பத் திரும்ப வரைபடம் போட்டார். அக்கம்பக்கத்தார் சிலர் எதிர்த்து வழக்காடினர். 1966-ல் திட்டம் கைவிடப்பட்டது. அமெரிக்க மண்ணில் அவருடைய விளையாட்டுத் திடல் ஒன்று எழுந்தது 1976-ல்தான், அட்லாண்டா நகரில். அப்போது அவருக்கு வயது 71.

1988-ல் ஜப்பானின் வடகோடியிலுள்ள சப்போரோ நகரத்தார், நகரக் குப்பை கொட்டி நிரப்பிவந்த மொயெரெனுமா என்ற இடத்தை அவருக்குக் காட்டினர். ஏறத்தாழ 189 ஹெக்டேர் பரப்பு. எண்பத்து மூன்று வயதுப் பெரியவர் அந்நிலம் முழுவதையும் ஒரே சிற்பமாக்க ஒப்புக்கொண்டு, சில மாதங்களில் திட்டத்தை முடித்துக் கொடுத்தார். அவ்வாண்டு டிசம்பர் 30-ந் தேதி நியூயார்க்கில் காலமானார்.

நகரத்தார் வேலையை நிறுத்தவில்லை. பதினேழு ஆண்டுகள் உழைத்து, 2005-ல் பூங்காவை முழுமையாகத் திறந்தனர். அதில் 30 மீட்டர் உயரத்தில், ஒருபுறம் கற்படிகளும் மறுபுறம் புற்சரிவுமாக நிற்பதற்கு விளையாட்டு மலை என்றே பெயர். நியூயார்க் அதிகாரி பார்த்துச் சிரித்த மலைதான் அது. பனிக்காலத்தில் அப்பூங்காவின் குன்றுச் சரிவுகளில் பிள்ளைகள் சறுக்குவண்டி விடுகிறார்கள்.