வண்ணங்களால் கணக்குப் போட்ட பாஸ்கரர்

அல்ஜீப்ரா என்றாலே பிள்ளைகளுக்குப் பயம். கணக்கில் ஆங்கில எழுத்து எங்கிருந்து வந்தது என்று பெற்றோருக்குத் திகைப்பு. x, y, z எழுத்துகளை இந்த வேலைக்கு அமர்த்தியவர் டேக்கார்ட் என்ற பிரெஞ்சுக்காரர். ஆண்டு 1637. புதுவையில் பிரெஞ்சுக் கொடி பறப்பதற்கு முந்திய சேதி இது.

அதற்கும் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, நம் நாட்டில் ஒருவர் இந்தக் கணக்கைப் பாடமாக எழுதி வைத்தார். அவர்தான் பாஸ்கரர்.

அவர் பிறந்தது 1114-ல், சகியாத்திரி மலைப் பக்கம். தந்தை மகேசுவரரே குரு. 36-வது வயதில் பெரிய நூலை முடித்தார். அதில் ஒரு பகுதி ‘லீலாவதி’, இன்னொன்று ‘பீஜகணிதம்’.

லீலாவதி அவர் மகள், அவள் திருமணம் தடைப்பட்டது என்று ஒரு கதை உண்டு. அது 1587-ல் வந்த பாரசீக மொழிபெயர்ப்பில் உள்ள கதை. பாஸ்கரர் அப்படி எழுதவில்லை.

தெரியாத எண்ணுக்கு அவர் வைத்த பெயர் ‘யாவத் தாவத்’. எவ்வளவோ அவ்வளவு என்று பொருள். சுருக்கமாக ‘யா’. இரண்டாவது தெரியாத எண்ணுக்குக் கறுப்பு, ‘கா’. அடுத்து நீலம், மஞ்சள், சிவப்பு! வண்ணங்களை 628-லேயே பிரம்மகுப்தர் கையாண்டுவிட்டார். ஆனால், மாணவனுக்குப் புரியும்படி விளக்கியவர் பாஸ்கரர்.

‘3 யா’ என்பது ஒரே உறுப்பு. இதைத்தான் இன்று ஓருறுப்புக் கோவை என்கிறார்கள். 3 யாவும் 2 யாவும் சேர்ந்தால் 5 யா. 3 யாவும் 2 காவும்? சேராது. பெரிய மார்க்கெட்டில் 3 தேங்காயும் 2 பூசணிக்காயும் வாங்கினால் 5 தேங்காய் என்று யாராவது சொல்வார்களா? தனித்தனியாகத்தான் எழுத வேண்டும்.

பெருக்கலில் அந்தத் தடை இல்லை. 3 யாவை 2 யாவால் பெருக்கினால், எண்கள் பெருகி 6. யாவும் யாவும் பெருகி ‘யா வர்க்கம்’. இன்றைய எழுத்தில் 6x². மூன்று யா பெருகினால் ‘கனம்’. 3 யாவை 2 காவால் பெருக்கினால், இரண்டு பெயரும் ஒட்டி நிற்கும். அதற்குப் ‘பாவிதம்’ என்று பெயர். நாம் 6xy என்கிறோம். கூட்டலையும் பெருக்கலையும் குழப்பிக்கொள்ளும் பிள்ளைதான் பரீட்சையில் தவறுகிறது.

மகன் லட்சுமீதரரும் பேரன் சங்கதேவரும் அரசவையில் இருந்தார்கள். தாத்தாவின் நூல்களைக் கற்பிக்கப் பேரன் ஒரு மடம் நிறுவினார். 1207-ல் அதற்கு மானியம் கிடைத்தது. மகாராஷ்டிரத்தில் சாளிஸ்காவ் அருகே உள்ள கல்வெட்டு அதைச் சொல்கிறது. ஊர்ச் செக்குகளிலிருந்து மடத்துக்கு எண்ணெய் கொடுக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது.