ஸ்ரீமந்நாதமுநிகளின் யோகம்



ஆனி அனுஷம் ஸ்ரீமந்நாதமுநிகளின் திருநக்ஷத்ரம். மறைந்து கிடந்த நாலாயிரத்தையும் மீட்டுத் தந்த உபகாரகர் என்றே நாம் அவரைப் பெரும்பாலும் நினைக்கிறோம். அவருக்கு வாய்த்திருந்த இன்னொரு செல்வத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அவர் அஷ்டாங்க யோகத்தில் கைவந்தவர். அரங்கநாதன் என்ற திருநாமத்தோடு அவதரித்தவரை உலகம் முநி என்றே அழைத்ததற்கு அதுவே காரணம். இன்று எந்தத் தேசத்தில் வாழும் அடியார்க்கும் அடுத்த வீதியில் ஒரு யோகசாலை இருக்கிறது. அங்கே சென்று வரும் நம் பிள்ளைகள், நம் ஸம்ப்ரதாயத்தில் யோகம் இல்லையா என்று கேட்கிறார்கள். இருந்தது. அது வந்த வழியும் போன வழியும் நாதமுநிகளின் சரித்ரத்திலேயே அடங்கியிருக்கின்றன.

வீரநாராயணபுரம் எனப்படும் காட்டுமன்னார்கோயிலில், சொட்டைக் குலத்தில், ஈச்வர பட்டரின் திருக்குமாரராக அவர் அவதரித்தார். வீரநாராயணன் என்பது முதலாம் பராந்தக சோழனின் விருதுப்பெயர். அவன் 907 முதல் 955 வரை ஆண்டவன். அவ்வூர்ப் பேரேரியும் அப்பெயரையே தாங்கிப் பின்னர் வீராணம் ஆயிற்று. ஊர்ப் பெருமாளான மன்னனாருக்குத் தொண்டு செய்து வந்த நாதமுநிகள், தகப்பனாரோடும் குமாரரான ஈச்வரமுநிகளோடும் வடநாட்டுத் திவ்யதேசங்களை ஸேவிக்கப் புறப்பட்டார். யமுனைக் கரையில் கோவர்த்தனத்தில் கண்ணனுடைய நினைவிலேயே ஊன்றித் தங்கிவிட்டார். மன்னனார் ஸ்வப்நத்தில் வந்து அழைத்த பிறகே ஊர் திரும்பினார். யமுனைக் கரையில் கழிந்த அந்நாட்களின் ஸ்மரணமாகவே பிற்பாடு அவருடைய திருப்பேரனாருக்கு யமுனைத்துறைவர் என்ற திருநாமம் அமைந்தது.

அதன் பின் நடந்தவை நம் அன்பர்கள் பலகாலும் கேட்டவை. குடந்தை ஆராவமுதனைப் பற்றிய பத்துப் பாசுரங்களைச் சில ஸ்ரீவைஷ்ணவர்கள் மன்னனார் ஸந்நிதியில் ஸேவித்தார்கள். அதன் முடிவில் ஆயிரம் என்ற கணக்கு வரக் கேட்டு, மீதியைத் தேடி நாதமுநிகள் குடந்தை சென்றார். அங்கிருந்து திருக்குருகூர் சென்றார். மதுரகவிகளின் வழியில் வந்த பராங்குசதாஸர் அவருக்குக் கண்ணிநுண்சிறுத்தாம்பை உபதேசித்தார். ஆழ்வார் எழுந்தருளியிருந்த திருப்புளியின் அடியில் அமர்ந்து அதைப் பன்னீராயிரம் உரு ஜபித்தார் நாதமுநிகள். பதினொரு பாசுரங்கள் கொண்ட ப்ரபந்தம் அது. பன்னீராயிரம் உரு என்றால் 1,32,000 பாசுரங்கள். ஆழ்வார் ப்ரஸந்நராகி, கேட்ட ஆயிரத்தோடு மற்றைய மூவாயிரத்தையும், ரஹஸ்யார்த்தங்களையும், யோகத்தையும் ஸாதித்தருளினார்.

இங்கே சற்று நின்று நோக்க வேண்டும். மூச்சை அடக்கியும் ஆஸநம் பயின்றும் நாதமுநிகள் அந்த யோகத்தைப் பெறவில்லை. ஆழ்வாரையன்றி வேறு தெய்வம் அறியேன் என்றிருந்த ஒரு சிஷ்யருடைய பாசுரங்களைச் சொல்லிச் சொல்லிப் பெற்றார். அதைத் தந்த ஆழ்வாரோ, பிறந்தது முதல் அழுகையும் உணவும் இன்றிப் பதினாறு ஆண்டுகள் புளிய மரத்தடியில் பகவதநுபவத்தில் ஆழ்ந்திருந்தவர். அந்த ஆழ்வாரும் பாடத் தொடங்கிய பிறகு அசையாத ஸமாதியில் நிலைத்திருக்கவில்லை. வெண்ணெய் களவில் அகப்பட்டு உரலோடு கட்டுண்ட கண்ணனின் எளிமையை நினைத்த அளவில் ஆறு மாதம் மோஹித்துக் கிடந்தார். அவ்வாறு மோஹித்தது மூன்று முறை என்று பெரியோர் பணிப்பர்.

யோக சாஸ்த்ரம் சொல்லும் ஏற்றம் நாம் அறிந்ததே. யம நியமங்களால் ஒழுக்கம், ஆஸந ப்ராணாயாமங்களால் உடலுக்கும் உயிர்ப்புக்கும் அமைதி, ப்ரத்யாஹாரத்தால் இந்த்ரியங்களை மீட்டல், தாரணையால் நெஞ்சை ஓரிடத்தில் நிறுத்தல் என்று படிப்படியாக அது ஏறும். அந்த நினைவு எண்ணெய் ஒழுக்குப் போல் இடையறாது செல்வது த்யாநம். அது முதிர்ந்து நேரே காண்பது போன்ற தெளிவை அடைவதே ஸமாதி. இவ்வளவிலும் நம் தர்சநத்துக்கு இசைவே. ஆனால் அந்நிலையில் நான் என்பது அழிந்துபோகும் என்பாரோடு நமக்கு இசைவில்லை. காண்கிற ஆத்மாவும் சேஷனாக நிற்கிறான். காணப்படுகிற எம்பெருமானும் திருமேனியோடும் குணங்களோடும் நிற்கிறான். இவ்வழியில் ஒரு பள்ளமும் உண்டு. உள்முகமாகச் சென்றவன் தன் ஆத்மாவின் ஆநந்தத்தையே சுவைத்து அங்கேயே தங்கிவிடலாம். கைவல்யம் எனப்படும் அந்நிலையை நம் பூர்வர்கள் பேறாக அல்ல, இழவாகவே எண்ணினார்கள்.

நாதமுநிகள் அந்தப் பள்ளத்தில் விழாதவர் என்பதற்கு அவர் வாழ்ந்த வாழ்வே சாட்சி. ஊர் திரும்பிய பின், மருமக்களான கீழையகத்தாழ்வான், மேலையகத்தாழ்வான் இருவருக்கும் ப்ரபந்தத்தை இசையோடு கற்பித்தார். அரையர் ஸேவை அவர்கள் வழியாகவே வந்தது. ந்யாயதத்த்வம், யோகரஹஸ்யம் என்ற க்ரந்தங்களையும் இயற்றினார். முன்னதன் சில வாக்யங்களை வேதாந்த தேசிகர் முதலானோர் எடுத்தாண்டிருப்பதால் அவை எஞ்சின. யோகரஹஸ்யம் நமக்குக் கிடைக்கவில்லை. மைசூர் ராஜ்யத்தில் பிறந்து சென்னையில் வாழ்ந்த யோகாசார்யர் திருமலை க்ருஷ்ணமாசார்யர் (1888–1989), தம் இளமையில் ஆழ்வார்திருநகரியில் நாதமுநிகளே காட்சி தந்து உபதேசித்ததாகச் சொல்லி அப்பெயரில் ஒரு நூலைக் கற்பித்து வந்தார். அவருடைய பக்தியை நாம் மதிக்கிறோம். ஆயினும் காட்சியில் பெற்ற நூலையும் பூர்வர்கள் கையாண்ட க்ரந்தத்தையும் ஒன்றெனக் கொள்வதற்கில்லை.

அவருடைய யோகம் எத்தகையது என்பதை குருபரம்பரை சொல்லும் ஒரு வ்ருத்தாந்தம் காட்டுகிறது. ஒரு சமயம் சோழ அரசன் தன் தேவியரோடு அவரை ஸேவிக்க வந்து திரும்பினான். யோகத்திலிருந்து கண் விழித்த நாதமுநிகளுக்கு அவன் கோபியர் சூழப் போகும் கண்ணனாகத் தோன்றினான். பின்னே ஓடினார், சிஷ்யர்கள் சென்று அழைத்து வர வேண்டியதாயிற்று. மற்றவர்களுக்குக் கண் மூடிய போது யோகம், திறந்தால் உலகம். இவருக்கோ கண் திறந்த பின்பும் அதே காட்சி தொடர்ந்தது.

சிஷ்யர்களில் உய்யக்கொண்டாரையும் குருகைக்காவலப்பனையும் அழைத்து, யோகம் வேண்டுமா, ப்ரபந்தமும் அதன் அர்த்தமும் வேண்டுமா என்று அவர் கேட்டார். காவலப்பன் யோகத்தை வேண்டினார். உய்யக்கொண்டாரோ, உலகத்தார் ஸம்ஸாரத்தில் மாண்டு கிடக்கும்போது தாம் ஒருவர் மட்டும் மணக்கோலம் பூண்பது தகாது என்ற கருத்துப்பட விண்ணப்பித்து, பலர்க்கும் உதவும் ப்ரபந்தத்தையே வேண்டினார். அதைக் கேட்டு நாதமுநிகள் பெரிதும் உகந்தார். பிறக்கப்போகும் பேரனுக்கு உய்யக்கொண்டார் வழியாக அர்த்தமும் காவலப்பனிடமிருந்து யோகமும் சேர வேண்டும் என்று நியமித்தார். அவருக்கு இரண்டுமே வேண்டியிருந்தன என்பதை மறக்கலாகாது. யோகம் பயனற்றது என்று அவர் ஒருநாளும் தள்ளவில்லை.

பின்பொரு நாள் வில்லேந்திய இருவரும், ஒரு பெண்மணியும், ஒரு குரங்கும் வாசலில் வந்து அவரை விசாரித்துச் சென்றதாகத் திருமகளார் தெரிவித்தார். சக்ரவர்த்தித் திருமகனே இளைய பெருமாளோடும் பிராட்டியோடும் திருவடியோடும் வந்து தம்மைக் காணாமல் போனான் என்று தேறி, அவர்கள் போன திசையில் ஓடினார் நாதமுநிகள். கங்கைகொண்டசோழபுரம் வரை ஓடியும் காணாமல், அங்கே சோர்ந்து விழுந்து திருநாட்டுக்கு எழுந்தருளினார். அந்நகரை அமைத்த ராஜேந்த்ரன் பதினொன்றாம் நூற்றாண்டவன் ஆதலின், குருபரம்பரை எழுதியோர் தம் காலத்து ஊர்ப்பெயரை இட்டு வழங்கினர் என்று கொள்ளலாம். ஸமாதியில் அமர்ந்தபடியே உடலை விட வல்ல யோகி, எம்பெருமானைத் தேடி ஓடிய கால்களோடு வழியில் விழுந்தார்.

இனி யோகம் போன கதை. உய்யக்கொண்டாரின் சிஷ்யரான மணக்கால் நம்பி ஆளவந்தாரைத் திருத்திப் பணிகொண்டார். பின்பு ஆளவந்தார் யோகம் பெறக் காவலப்பனைத் தேடிச் சென்றார். யோகத்தில் இருந்தவரைக் கலைக்க அஞ்சிச் சுவருக்குப் பின்னே நின்றார். காவலப்பன் தாமே திரும்பி, சொட்டைக் குலத்தவர் யாரேனும் வந்திருக்கிறீர்களா என்று வினவினார். தம்மோடு கலந்திருந்த எம்பெருமான் தம் கழுத்தை அமுக்கி அப்புறமே எட்டி எட்டிப் பார்க்கக் கண்டு அறிந்தாராம். தாம் உடலை விடும் நாளைக் குறித்து ஓலையில் தந்து, அதற்குள் வந்து யோகரஹஸ்யத்தைப் பெற்றுக்கொள்ளும்படி நியமித்தார்.

ஸ்ரீரங்கத்தில் அரையர் திருவனந்தபுரத்துப் பாசுரங்களை அபிநயித்துப் பாடக் கேட்ட ஆளவந்தார், அதில் ஈடுபட்டு அனந்தபத்மநாபனை ஸேவிக்க எழுந்தருளினார். அங்கே ஓலையைப் பார்த்தபோது குறித்த நாள் அன்றைக்கே. பறந்து செல்ல ஒரு புஷ்பக விமானம் இல்லையே என்று க்லேசித்தார். நாதமுநிகள் மீட்ட பாசுரத்தின் இனிமையே, நாதமுநிகள் பெற்ற யோகம் அவர் பேரனுக்கு எட்டாமல் செய்தது. காவலப்பனோடு அது நின்றது.

அந்த இழவோடு வாழ்ந்த ஆளவந்தார் ஸ்தோத்ரரத்நத்தை அருளிச்செய்தார். முதல் மூன்று ச்லோகங்களும் பாட்டனாரின் ஞாநத்தையும் வைராக்யத்தையும் பக்தியையும் வணங்குகின்றன. அறுபத்தைந்தாவதான கடைசி ச்லோகத்தில், தம் நடத்தையை எண்ணாமல், தம் பாட்டனாரான நாதமுநிகளைப் பார்த்து இரங்கியருள வேண்டும் என்று மட்டும் எம்பெருமானிடம் கேட்டு முடிக்கிறார்.