சட்டத்தையே மாற்ற வைத்த ஆட்டக்காரர்!

கால்பந்து ஆட்டத்தில் ஒரு வீரர் சட்டத்தை மீறினால், நடுவர் விசில் ஊதுவார். தண்டனை கொடுப்பார். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

ஆனால், ஒருவர் சட்டத்தை மீறவே இல்லை. சட்டம் என்ன சொன்னதோ, அதன்படிதான் ஆடினார். அதற்காகவே ஊர் ஊராக மக்கள் அவரை ஏசினார்கள். கடைசியில் சட்டத்தையே மாற்ற வேண்டியதாயிற்று!

அந்த வீரரின் பெயர் பில் மெக்ராக்கன். அவர் அயர்லாந்துக்காரர்.

கப்பல் கட்டும் ஊர்

அயர்லாந்தின் வடக்கே பெல்பாஸ்ட் என்று ஒரு நகரம் இருக்கிறது. கப்பல் கட்டும் தொழிலுக்கும், லினன் துணிக்கும் பெயர் பெற்ற ஊர். 1883-ம் ஆண்டு ஜனவரி மாதம் மெக்ராக்கன் அங்கே பிறந்தார். அயர்லாந்து முழுவதும் அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது.

பெல்பாஸ்டில் டிஸ்டில்லரி என்ற பெயரில் ஒரு கால்பந்துக் குழு இருந்தது. மெக்ராக்கன் அதில் சேர்ந்தார். கோல் அடிக்கும் வேலை அவருடையது அல்ல. எதிரிகள் கோல் அடிக்காமல் தடுக்கும் வேலை. அதிலே அவர் காட்டிய திறமையைப் பார்த்து, 1902-ல் அயர்லாந்து நாட்டு அணியில் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். அப்போது அவருக்கு வயது 19.

1904-ல் இங்கிலாந்தில் இருந்து அழைப்பு வந்தது. அழைத்தது நியூகாசில் யுனைட்டெட் குழு. மெக்ராக்கன் கடல் கடந்து போனார். 19 ஆண்டுகள் அந்த ஒரே குழுவில் ஆடினார். 400-க்கும் மேற்பட்ட பந்தயங்களில் இறங்கினார்.

அவர் போன நேரம், நியூகாசில் குழுவுக்குப் பொற்காலம். 1905, 1907, 1909 ஆகிய ஆண்டுகளில் அந்தக் குழு லீக் பந்தயத்தில் முதல் இடத்தைப் பிடித்தது. 1910-ல் இங்கிலாந்தின் பெரிய கோப்பையான எப்.ஏ. கோப்பையையும் வென்றது.

மூன்று பேர் கணக்கு

மெக்ராக்கன் புகழ் பெற்றது கோப்பைகளால் அல்ல. ஆப்சைடு என்ற ஒரே ஒரு விதியால்தான்.

எதிரியின் கோல் பக்கத்திலேயே ஒரு வீரர் சும்மா நின்றுகொண்டு, பந்து வந்ததும் தட்டி விடுவது நியாயம் ஆகுமா? ஆகாது. அதைத் தடுக்க வந்ததுதான் ஆப்சைடு விதி.

தன் குழுவினர் ஒருவர் பந்தை முன்னே உதைக்கும் நேரத்தில், அதை வாங்கப் போகும் வீரருக்கும் கோல் கோட்டுக்கும் நடுவே எதிரிகள் குறைந்தது 3 பேர் இருக்க வேண்டும். 2 பேர்தான் இருந்தால் ஆப்சைடு. நடுவர் விசில் ஊதிவிடுவார். பந்து எதிர்க் குழுவுக்குப் போய்விடும். இதுதான் அந்தக் காலத்துச் சட்டம்.

அந்த 3 பேர் யார்? பெரும்பாலும் கோல் கீப்பர் ஒருவர். தடுப்பாட்டக்காரர்கள் இருவர்.

இங்கேதான் மெக்ராக்கனின் மூளை வேலை செய்தது. தடுப்பாட்டக்காரர் இருவரும் கோலுக்கு அருகே எதற்காகக் காவல் நிற்க வேண்டும்? எதிரி பந்தை உதைக்கப் போகும் கணத்தில், ஒருவர் விறுவிறு என்று முன்னே ஏறிவிட்டால் போதும். எதிரி வீரருக்கு முன்னே மிஞ்சுவது கோல் கீப்பரும் இன்னொரு தடுப்பாட்டக்காரரும்தான். மொத்தம் 2 பேர். ஆகவே ஆப்சைடு!

சொல்வதற்கு இது சுலபம். செய்வதற்குக் கடினம். ஒரு வினாடி முந்தினால் எதிரி விழித்துக்கொள்வான். ஒரு வினாடி பிந்தினால் கோல் விழுந்துவிடும். உதைக்கிறவனின் கால் எப்போது பந்தைத் தொடும் என்று முன்கூட்டியே கணிக்க வேண்டும். மெக்ராக்கன் அதில் கைதேர்ந்தவர். கணக்குத் தப்பினாலும், பின்னால் நிற்கும் கூட்டாளி பார்த்துக்கொள்வார்.

அவருக்கு முன்பும் சிலர் இந்த வித்தையைச் செய்தது உண்டு. ஆனால், அதை ஒரு கலையாகவே ஆக்கியவர் மெக்ராக்கன்.

மக்கள் கோபம்

கோல் பார்க்கத்தான் மக்கள் காசு கொடுத்து வருகிறார்கள். நிலக்கரிச் சுரங்கத்திலும் தொழிற்சாலையிலும் வாரம் முழுவதும் உழைத்தவர்களுக்கு, சனிக்கிழமை மாலைக் கால்பந்துதான் மகிழ்ச்சி.

மெக்ராக்கன் ஆடும் பந்தயத்திலோ, விசில் சத்தம்தான் ஓயாமல் கேட்டது. ஓடி வந்த வீரன் பாதியில் நிற்பான். பந்து கைமாறும். ஆட்டம் மைதானத்தின் நடுவிலேயே சுற்றிச் சுற்றி வரும்.

வெளியூர் மைதானங்களில் மெக்ராக்கன் காலடி வைத்ததுமே கூச்சல் எழும். அவர் அசையவில்லை. சட்டத்தில் இருப்பதைத்தானே செய்கிறேன் என்பது அவருடைய நியாயம்.

ஒரு வேடிக்கைக் கதை அந்தக் காலத்தில் பரவி இருந்தது. வெளியூர்க் குழு ஒன்று நியூகாசில் ரயில் நிலையத்தில் வந்து இறங்கியதாம். அந்த நேரம் பார்த்து கார்டு விசில் ஊதினார். அதைக் கேட்ட ஒரு வீரர், வந்து இறங்குவதற்குள் ஆப்சைடா என்று அலுத்துக்கொண்டாராம்!

சம்பளத் தகராறு

மைதானத்தில் மட்டும் அல்ல, வெளியிலும் மெக்ராக்கன் தன் நியாயத்தை விட்டுக்கொடுக்காதவர்.

அந்தக் காலத்தில் கால்பந்து வீரர்களுக்கு ஊதியம் குறைவு. இங்கிலாந்தில் எவ்வளவு பெரிய வீரராக இருந்தாலும், வாரத்துக்கு 4 பவுனுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று 1901-ல் கட்டுப்பாடு வந்திருந்தது. நாட்டுக்காக ஆடினால் தனியாக ஒரு தொகை உண்டு. ஆனால், இங்கிலாந்து அணியினருக்குக் கிடைத்ததைவிட அயர்லாந்து அணியினருக்குக் குறைவாகவே கிடைத்தது.

ஒரே மைதானம், ஒரே ஆட்டம். கூலி மட்டும் ஏன் வேறு? மெக்ராக்கன் இதைக் கேட்டார். இங்கிலாந்து வீரர்களுக்குச் சமமாகத் தனக்கும் வேண்டும் என்றார்.

அயர்லாந்துக் கால்பந்துச் சங்கத்துக்குக் கோபம் வந்தது. அவரை அணியில் இருந்து நீக்கிவிட்டார்கள். முதல் உலகப் போர் முடியும் வரை அந்தக் கதவு திறக்கவில்லை.

இதனால் அவர் இழந்தது கொஞ்சம் அல்ல. 1914-ல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து ஆகிய 4 நாடுகளின் போட்டியில், அயர்லாந்து முதல் முறையாகத் தனித்து வெற்றி வாகை சூடியது. அயர்லாந்தின் தலைசிறந்த தடுப்பாட்டக்காரர் அந்த அணியில் இல்லை!

1919-ல் மறுபடி அவரை அழைத்தபோது, வயது 36. இருந்தும் போய் ஆடினார். 40 வயது வரையில் நாட்டு அணியில் இடம் பெற்றார்.

சட்டம் மாறியது

1923-ல் மெக்ராக்கன் நியூகாசிலை விட்டு, ஹல் சிட்டி குழுவின் மானேஜராகப் போனார். அவர் போனாலும், அவர் காட்டிய வழி போகவில்லை. குழுக்கள் பலவும் அதையே செய்யத் தொடங்கின. கோல்கள் குறைந்தன. ஆட்டம் சப்பென்று ஆகிவிட்டது.

என்ன செய்வது என்று பெரியவர்கள் யோசித்தார்கள். 1925 ஜனவரியில் லண்டனில் ஒரு சோதனைப் பந்தயம் நடத்திப் பார்த்தார்கள். அந்த ஆண்டு ஜூன் மாதம் பாரிசில் சட்டம் வகுக்கும் குழு கூடியது. 3 பேர் என்பது 2 பேர் ஆயிற்று.

ஓர் எண்தான் மாறியது. ஆட்டமே தலைகீழாக மாறிவிட்டது!

புதிய சட்டத்தின் முதல் நாளிலேயே, ஆஸ்டன் வில்லா குழு பர்ன்லி குழுவை 10-0 என்று தோற்கடித்தது. முதல் டிவிஷனில் முந்திய ஆண்டு விழுந்த கோல்கள் 1,192. புதிய சட்டம் வந்த ஆண்டில் 1,703!

அக்டோபர் மாதம் அர்செனல் குழு நியூகாசிலுக்கு வந்து, 7-0 என்று படுதோல்வி அடைந்தது. அதைக் கண்டு அதன் மானேஜர் ஹெர்பர்ட் சாப்மன் ஒரு முடிவுக்கு வந்தார். நடுவில் ஆடும் வீரரைப் பின்னே இழுத்து, தடுப்பாட்டக்காரர்களை மூன்றாக்கினார். உலகம் எங்கும் பின்பற்றப்பட்ட ஆட்ட முறை இப்படித்தான் உருவாயிற்று. மெக்ராக்கன் வைத்த பொறியைச் சட்டம் உடைத்தது. அந்தச் சட்டத்தைச் சமாளிக்க அர்செனல் புதிய வழி கண்டது.

விதியின் விளையாட்டு

1930-ல் அந்த அர்செனலையே மெக்ராக்கன் நேருக்கு நேர் சந்தித்தார்.

அவருடைய ஹல் சிட்டி, இரண்டாவது டிவிஷனில் தத்தளித்துக்கொண்டு இருந்த குழு. எப்.ஏ. கோப்பையில் மட்டும் அதற்கு எங்கிருந்தோ வேகம் வந்தது. பெரிய குழுக்களை வீழ்த்தியது. கால் இறுதியில் எதிரே வந்தது யார் தெரியுமா? நியூகாசில்! மெக்ராக்கன் 19 ஆண்டுகள் உழைத்த அதே குழு. முதல் பந்தயம் 1-1 என்று சமன் ஆனது. மறுபந்தயத்தில் ஹல் சிட்டி 1-0 என்று வென்றது.

அரை இறுதியில் அர்செனல். ஹல் சிட்டி 2 கோல் போட்டு முந்தியது. பார்த்தவர்களால் நம்ப முடியவில்லை. ஆனால் அர்செனல் விடவில்லை. 2 கோலையும் திருப்பியது. மறுபந்தயத்தில் 1-0 என்று ஹல் சிட்டி தோற்றது. கோப்பையை அர்செனல் கொண்டு போயிற்று. அதே ஆண்டு ஹல் சிட்டி மூன்றாவது டிவிஷனுக்கு இறங்கியது!

மெக்ராக்கன் சோர்ந்துவிடவில்லை. பிறகு மில்வால் குழுவை நடத்தினார். 1937-ல் ஆல்டர்ஷாட் குழுவுக்கு மானேஜர் ஆனார். அது ராணுவ முகாம் உள்ள ஊர். இரண்டாம் உலகப் போரின்போது அங்கே பணியாற்ற வந்த இங்கிலாந்தின் பெரிய வீரர்கள் பலர், அவருடைய சிறிய குழுவில் ஆடினார்கள். அதன் பின்பு, முதுமையிலும் ஊர் ஊராகச் சென்று, இளம் வீரர்களைத் தேடிப் பிடிக்கும் வேலையைச் செய்தார்.

1979 ஜனவரியில் மெக்ராக்கன் காலமானார். வயது 95.

அவர் விளையாடிய காலத்தில் அவரைப் பாராட்டியவர்களைவிட ஏசியவர்கள் அதிகம். அவர் சட்டத்தை உடைக்கவில்லை; அதில் இருந்த ஓட்டையைக் காட்டினார். ஓட்டை அடைபட்டது. ஆட்டம் வளர்ந்தது.

இன்றும் மைதானத்தின் ஓரத்தில் ஆப்சைடு கொடி உயர்ந்தால், எதிரிகள் 2 பேர் இருந்தார்களா என்றுதான் கணக்குப் பார்க்கிறார்கள். 3 பேர் 2 பேராக மாறியதற்குக் காரணமானவர்களில் முதல்வர், பெல்பாஸ்டில் பிறந்த அந்தத் தடுப்பாட்டக்காரர்தான்.