பிறந்த நாளைத் தேடிய பெருமகன் பிரடெரிக் டக்ளஸ்

நம் ஊர்ப் பெரியவர் ஒருவரை அணுகி, தாங்கள் பிறந்த ஆண்டு எது என்று வினவினால், பெருவெள்ளம் வந்த ஆண்டு என்றோ, பஞ்சத்துக்கு மறு ஆண்டு என்றோ விடை வருவதுண்டு. பள்ளியிற் சேர்த்த அன்று ஆசிரியர் தம் மதிப்பிற்கு எழுதிவைத்த ஜூன் மாதத் தேதியே பலருக்குப் பிறந்த நாளாக நிலைத்துவிட்டது. இதனை நாம் நகைத்துக் கடந்துவிடுகிறோம். ஆனால், தான் பிறந்த நாளை அறிய இயலாமையை வாழ்நாள் முழுவதும் ஆறாப் புண்ணாகச் சுமந்து, தலை நரைத்த பின்னும் அதனைத் தேடி அலைந்த ஒரு மாமனிதரை உலக வரலாறு அறியும். அவரே அமெரிக்க நாட்டில் அடிமையாகப் பிறந்து, அடிமைத் தளையை அறுத்தெறியப் போராடிய பிரடெரிக் டக்ளஸ் ஆவார். அவர்தம் வாழ்வை நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும்.

தாய் முகம் காணாத பிள்ளை

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் டால்பட் என்னும் மாவட்டம் உள்ளது. அங்கே டக்கஹோ ஓடையின் அருகே ஒரு சிறு குடிசையில் அவர் பிறந்தார். பிரடெரிக் அகஸ்டஸ் வாஷிங்டன் பெய்லி என்பது அவருக்குத் தாய் இட்ட பெயர். தாயின் பெயர் ஹாரியட் பெய்லி. தந்தை ஒரு வெள்ளையர் என்பதற்கு மேல் உறுதியாக எதுவும் தெரியவில்லை. தம் எசமானரே தந்தை என்ற பேச்சு அவர் செவிக்கும் எட்டியிருந்தது. தாய் அடிமையாயின் பிள்ளையும் அடிமையே என்பது அந்நாட்டுச் சட்டம். ஆதலின் தந்தை யார் என்று எழுதிவைக்க வேண்டிய தேவை எவருக்கும் இருக்கவில்லை.

தாயைப் பல மைல் தொலைவிலுள்ள பண்ணையொன்றுக்கு வேலைக்கு அனுப்பிவிட்டனர். பாட்டி பெட்சியே பேரனை வளர்த்தார். பகலெல்லாம் வயலில் உழைத்த ஹாரியட், இரவில் நடந்து வந்து மகனை அணைத்து உறங்கவைத்துவிட்டு, பொழுது புலருமுன் திரும்பிவிடுவார். அவ்வாறு வந்த இரவுகளும் சிலவே. பிரடெரிக்குக்கு ஏழு வயதளவில் அத்தாய் மறைந்தார். இறுதிச் சடங்கிற்கும் மகன் அழைத்துச் செல்லப்படவில்லை.

எட்டு வயதளவில் பால்டிமோர் நகரில் ஹியூ ஆல்டு என்பவரின் வீட்டிற்கு அனுப்பப்பட்டார். அவ்வீட்டுத் தலைவி சோபியா அம்மையார் இரக்கங்கொண்டு எழுத்துகளைக் கற்பிக்கத் தொடங்கினார். கணவர் வெகுண்டு தடுத்தார். கல்வி கற்ற அடிமை அடிமையாக இரான் என்பது அவர் அச்சம். அந்த அச்சத்திலேயே விடுதலைக்கான வழி இருப்பதைச் சிறுவன் உணர்ந்துகொண்டான். தெருவில் வெள்ளைச் சிறுவர்க்கு ரொட்டித் துண்டுகளைக் கொடுத்து அவர்களிடம் எழுத்தறிந்தான். ஐம்பது காசு சேர்த்து, சொற்பொழிவுகள் அடங்கிய ஒரு பழைய நூலை வாங்கி மறைவாகப் படித்தான்.

மூன்று பெயர்கள்

1838 செப்டம்பர் 3ஆம் நாள், மாலுமி உடை தரித்து, விடுதலை பெற்ற கறுப்பு மாலுமி ஒருவரின் சான்றிதழைக் கையிலேந்தி, புகைவண்டி ஏறினார் பிரடெரிக். அச்சான்றிதழில் எழுதியிருந்த அங்க அடையாளங்கள் அவருக்குப் பொருந்தவில்லை. அதிகாரி அதனை உற்று நோக்கியிருந்தால் அன்றோடு அவர் வாழ்வு முடிந்திருக்கும். ஒரு நாள் கழிவதற்குள் நியூயார்க் நகரை அடைந்தார். அவருக்குத் துணைநின்று, தம் உடைமைகளை விற்று வழிச்செலவுக்குப் பணம் தந்த ஆன்னா மரே என்னும் நங்கை பின்னர் வந்து சேர்ந்தார். அவர் அடிமையல்லாத கறுப்பினப் பெண். செப்டம்பர் 15ஆம் நாள் இருவருக்கும் திருமணம் நிகழ்ந்தது. அதனை நடத்திவைத்த போதகர் ஜேம்ஸ் பென்னிங்டனும் மேரிலாந்திலிருந்து தப்பி வந்தவரே.

அத்திருமணச் சான்றிதழ் பெருஞ்சிறப்புடையது. அடிமை மாநிலங்களில் அடிமைகளின் திருமணத்தைச் சட்டம் ஏற்கவில்லை. கணவனை ஓரிடத்திலும் மனைவியை வேறிடத்திலும் விற்பது எசமானரின் உரிமை. எனவே பதிவேட்டில் அத்திருமணங்கள் இடம்பெறவில்லை. அந்நிலையில், தாம் ஒருத்தியின் கணவன் என்று கூறும் ஒரு தாள் கையில் இருத்தல் மனிதனாக ஏற்கப்பட்டமைக்குச் சான்றாகும். 1845இல் வெளியிட்ட தம் வாழ்க்கை வரலாற்று நூலில் அச்சான்றிதழை முழுமையாக அச்சிட்டார்.

ஆனால், அதில் உள்ள பெயர் டக்ளஸ் அன்று, பெய்லியும் அன்று. அடிமை பிடிப்போருக்கு அஞ்சி அவர் ஜான்சன் என்று பெயர் மாற்றியிருந்தார். நியூ பெட்போர்டு நகரை அடைந்தபோது, ஜான்சன்கள் அங்கே மிகுதியாக இருந்தமையால், அடைக்கலம் தந்த நண்பரின் விருப்பப்படி டக்ளஸ் என்ற பெயரை ஏற்றார். பிறப்பில் பெய்லி, மணத்தில் ஜான்சன், உலகறிந்த பெயர் டக்ளஸ். அவரே எழுதிவைத்திராவிடில், இம்மூன்றும் ஒருவரையே குறிக்கும் என்று பின்வந்தோர் எளிதில் அறிந்திருப்பரோ?

எண்ணப்பட்டும் எழுதப்படாதோர்

குடிமதிப்பேடுகளைப் புரட்டினாலோ மேலும் கொடுமை. 1850ஆம் ஆண்டு அமெரிக்கக் குடிமதிப்பில் தான் முதன்முறையாக அடிமையல்லாத ஒவ்வொருவரின் பெயரும் எழுதப்பட்டது. அடிமைகளுக்கோ தனி ஏடு. அதில் உடையவரின் பெயர் மேலே இருக்கும். கீழே வயது, பால், நிறம் ஆகிய மூன்றும் வரிசையாக இருக்கும். அடிமையின் பெயரை எழுதும் வழக்கமில்லை. 1860இலும் அதே முறை. 1865இல் அரசியற் சட்டத்தின் 13ஆம் திருத்தம் அடிமை முறையை ஒழித்த பின்னர், 1870ஆம் ஆண்டுக் குடிமதிப்பிலேயே விடுதலை பெற்ற மக்கள் அனைவரும் பெயரோடு எழுதப்பட்டனர். இன்றும் கறுப்பின மக்கள் தம் மூதாதையரைத் தேடிச் செல்லுங்கால், 1870ஆம் ஆண்டே பெருஞ்சுவராக எதிர்நிற்கிறது. அதற்கு அப்பால் செல்ல விரும்புவோர், எசமானரின் உயில்களிலும் கடன் கணக்குகளிலும், கால்நடைகளோடு சேர்த்து விலையிட்ட சொத்துப் பட்டியல்களிலும் தம் பாட்டன் பாட்டியரின் பெயரைத் தேட வேண்டியவராயினர்.

தேடல்

டக்ளஸ் சொல்லாற்றலால் உலகை அசைத்தார். இங்கிலாந்து, அயர்லாந்து, ஸ்காட்லாந்து நாடுகளில் முழங்கினார். ஆங்கிலேய நண்பர்கள் பொருள் திரட்டி விலை கொடுத்தமையால் 1846 டிசம்பரில் சட்டப்படி விடுதலை பெற்றார். 1847இல் இதழ் தொடங்கினார். 1848இல் செனகா பால்ஸ் மாநாட்டில் பெண்களின் வாக்குரிமைக்காகக் குரல் கொடுத்தார். உள்நாட்டுப் போரில் கறுப்பின வீரர்களைப் படைக்குத் திரட்டினார். தம் மைந்தர் இருவரை முதலில் அனுப்பினார். 1881 முதல் 1886 வரை தலைநகர் வாஷிங்டனில் பத்திரப் பதிவுத்துறைத் தலைவராகப் பணியாற்றினார். பிறப்புப் பதிவு இல்லாத மனிதர், தலைநகரின் பதிவேடுகளுக்கெல்லாம் தலைவரானார்! 1889இல் ஹெய்தி நாட்டுக்குத் தூதரானார்.

இத்தனைச் சிறப்பு எய்தியும் அவர் மனத்தில் ஒரு வினா ஓயவில்லை. தாம் 1817இல் பிறந்ததாக அவர் நெடுங்காலம் எண்ணியிருந்தார். 1877இல், தம்மை முன்னர் உடைமையாக வைத்திருந்த தாமஸ் ஆல்டு நோயுற்றுக் கிடக்க, அவரைக் காணச் சென்றார். பழம் பகையை ஒதுக்கிவிட்டுப் பேசிய அவர், தம் வயதை வினவினார். 1818 பிப்ரவரி என்று நினைப்பதாக முதியவர் சொன்னார். மறு ஆண்டு தம் பாட்டியின் குடிசை நின்ற இடத்தைத் தேடிச் சென்று, அம்மண்ணில் சிறிது எடுத்துவந்து தம் இல்லத்தில் வைத்தார். 1894இலும் ஆல்டு குடும்பத்தார் ஒருவரைக் கண்டு அதே வினாவை எழுப்பினார். உறுதியான விடை கிட்டவில்லை. 1895 பிப்ரவரி 20ஆம் நாள், பெண்கள் மாநாடு ஒன்றில் கலந்துகொண்டு இல்லம் திரும்பிய அவர், அன்று மாலையே காலமானார்.

விடை ஒரு பழைய கணக்கேட்டில் உறங்கிக்கொண்டிருந்தது. அவருடைய முதல் எசமானரான ஆரோன் ஆந்தனி, தம் அடிமைகளின் பிறப்பைத் தம் உடைமைப் பெருக்கமாகக் குறித்து வைத்திருந்தார். மேரிலாந்து ஆவணக் காப்பகத்தில் இருந்த அவ்வேட்டை டிக்சன் பிரஸ்டன் என்னும் எழுத்தாளர் ஆராய்ந்து, 1980இல் நூலாக வெளியிட்டார். ஹாரியட்டின் மகன் பிரடெரிக் அகஸ்டஸ், 1818 பிப்ரவரி என்று அதில் எழுதப்பட்டிருந்தது. நாள் குறிக்கப்படவில்லை. அவ்வேட்டோடு பிற சொத்துப் பட்டியல்களையும் ஒப்பிட்டுப் பெட்சி பாட்டிக்கும் முன்னே, 1701 அளவில் பிறந்த மூதாதை வரை அக்குடும்பத்தின் கால்வழி அறியப்பட்டது. தந்தையார் யார் என்பது மட்டும் எந்த ஏட்டிலும் இல்லை. டக்ளஸ் மறைந்து எண்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் வந்த விடை இது. ஒரு மனிதரின் பிறப்பை, அவரை விலைப்பொருளாகக் கருதியவரின் கணக்கிலிருந்து அறிய நேர்ந்த அவலத்தை என்னென்பது!

நமக்குரிய கடமை

இக்கதை அயல்நாட்டுக் கதையென ஒதுக்கத்தக்கதன்று. மகாத்மா சோதிராவ் புலே 1873இல் வெளியிட்ட குலாம்கிரி என்னும் நூலை, அடிமை ஒழிப்பிற்காக உழைத்த அமெரிக்க மக்களுக்கே உரிமையாக்கினார். ஒடுக்கப்பட்டோரின் துயர் கடல் கடந்தும் ஒன்றே என்பதை அப்பெரியார் நூறாண்டுகளுக்கு முன்னரே உணர்ந்திருந்தார்.

நம் முன்னோர் பலரின் பெயரும் பண்ணையாரின் கணக்கிலும் கடன் சீட்டிலும் மட்டுமே இருந்திருக்கும். ஆயினும் தேடுவார்க்குத் தடயங்கள் உண்டு. பழைய பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடு, திருச்சபையின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடு, கடல் கடந்து தோட்டங்களுக்குச் சென்றோரின் கப்பல் பதிவு, நிலப் பத்திரம் ஆகியவற்றில் அவர்கள் எங்கேனும் நிற்கக்கூடும். ஒரே ஆள் ஓர் ஏட்டில் ஒரு பெயரும் மற்றோர் ஏட்டில் வேறு பெயரும் பூண்டிருக்கலாம் என்பதையும் டக்ளஸ் வாழ்வு நமக்குக் கற்பிக்கிறது. ஆகவே பெயரை மட்டும் நம்பாது, தாய் பெயர், ஊர், உடன்பிறந்தார், ஆண்டு ஆகிய அனைத்தையும் ஒப்பிட்டே முடிவு காணல் வேண்டும்.

இளைஞர்களே! உங்கள் வீட்டில் பாட்டனாரோ பாட்டியாரோ இருப்பின், இன்றே அருகமர்ந்து கேளுங்கள். அவர்தம் பெற்றோர் யார், எவ்வூரிலிருந்து வந்தனர், எங்கே உழைத்தனர், முதலில் எழுத்தறிந்தவர் யார் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். பிறப்பையும் இறப்பையும் பதிவு செய்யும் சட்டம் 1969 முதல் நாட்டில் உள்ளது. அதனை நம் குடும்பம் ஒன்றும் தவறவிடலாகாது. டக்ளஸ் தேடியும் காணாத அந்த ஒரு வரியை, நம் பிள்ளைகள் தேடாமலே பெறும்படி செய்வோம். அதனைப் பிறர் கணக்கில் விட்டுவைக்காது, நம் கையாலேயே எழுதுவோம்.